எந்த ஐ7 என்று கேளுங்கள்

கேள்வி: தில்லி முனிர்காவில் வசிக்கிறேன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. டியூஷன் எடுத்துச் சேர்த்த பணமும் அப்பா தருவதுமாக 70,000 ரூபாய் கையில் இருக்கிறது. பார்ட்ஸ் வாங்கி நானே ஒரு கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய ஆசை. வாலரன்ட் தினமும் ஆடுவேன். ஜிடிஏ 5, சைபர்பங்க் 2077 போன்றவையும் ஓட வேண்டும். வீட்டில் 22 இன்ச் ஃபுல் ஹெச்டி மானிட்டர் ஒன்று இருக்கிறது. நேரு பிளேஸில் ஒரு கடையில் "ஐ7, 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராபிக்ஸ், 512 எஸ்எஸ்டி, கேமிங் கேபினெட்" என்று முழு செட்டையும் 34,000-க்குத் தருகிறேன் என்கிறார்கள். பாதி விலைக்குக் கிடைக்கும்போது ஏன் அலைய வேண்டும் என்கிறார் அப்பா. பார்ட்ஸ் வாங்குவதென்றால் எதற்கு எவ்வளவு ஒதுக்குவது? நானே பூட்டினால் ஏதாவது எரிந்துபோகுமா? வெயில் காலத்தில் எங்கள் பக்கம் கரண்ட் அடிக்கடி போய் வரும். வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு.

பதில்: தம்பி, அந்த 34,000 ரூபாய் செட்டை முதலில் பார்த்துவிடுவோம். அப்பா கேட்பதில் நியாயம் இருக்கிறது. பாதி விலை என்றால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த ஐ7?

ஐ7 என்பது இன்டெல் தன் பிராசஸருக்கு, அதாவது கம்ப்யூட்டரின் மூளைக்கு, வைத்த பெயர். அது 2008-லிருந்து இருக்கிறது. அதற்குப் பின்னால் வரும் எண்தான் பிராசஸரின் வயதைச் சொல்லும். இந்த விலையில் விற்கும் "கேமிங் செட்"களைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் ஐ7-2600 அல்லது ஐ7-3770 உட்கார்ந்திருக்கும். முன்னது 2011-இல் வந்தது, பின்னது 2012-இல். அலுவலகங்கள் கழித்துக்கட்டிய மெஷின்களிலிருந்து எடுத்த பிராசஸரை அந்தக் காலத்து ஹெச்61 மதர்போர்டில் பூட்டி, கண்ணாடிக் கதவும் வண்ண விளக்கும் வைத்த கேபினெட்டில் போட்டுத் தருகிறார்கள். டைப் அடிக்க, படம் பார்க்க அது போதும். உங்களுக்குப் போதாது. விண்டோஸ் 11-க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறை பிராசஸராவது இருக்க வேண்டும் என்பது மைக்ரோசாஃப்டின் விதி. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. வாலரன்டில் ஏமாற்றுபவர்களைத் தடுக்கும் வேன்கார்டு, விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், மெஷின் எழும்போதே சரிபார்க்கும் செக்யூர் பூட்டும் கேட்கிறது. அந்தப் பழைய போர்டில் எந்த விண்டோஸைப் போட்டாலும் நீங்கள் தினமும் ஆடும் விளையாட்டு திறக்காமலே போகலாம்.

அந்த "4 ஜிபி கிராபிக்ஸ்" பெரும்பாலும் ஜிடி 730-ஆக இருக்கும். 2014-இல் வந்த கார்டு. 4 ஜிபி என்பது கார்டில் இருக்கும் மெமரியின் அளவு மட்டுமே, வேகம் அல்ல. படத்தை வரையக் கணக்குப் போடும் கோர்கள் ஜிடி 730-இல் அதிகபட்சம் 384. ஆர்டிஎக்ஸ் 4060-இல் 3,072. இந்த இரண்டு எண்களையும் அப்பாவிடம் காட்டுங்கள், புரிந்துகொள்வார். விலை குறைந்ததற்குக் காரணம் கடைக்காரரின் தாராளம் அல்ல.

இனி உங்கள் 70,000. மானிட்டர் வீட்டில் இருப்பது பெரிய உதவி. அது ஃபுல் ஹெச்டி என்பது இன்னும் நல்லது. ஃபுல் ஹெச்டியில் ஒவ்வொரு காட்சிக்கும் கார்டு வரைய வேண்டியது சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். அடுத்த படியான 1440 ரெசல்யூஷனுக்குப் போனால் 36.9 லட்சம். வேலை முக்கால் பங்கு கூடுகிறது, கார்டின் விலையும் அதற்கேற்ப ஏறுகிறது. இப்போதைக்கு இந்த மானிட்டரே இருக்கட்டும். அடுத்த ஆண்டு கை கொஞ்சம் நிறைந்ததும் நொடிக்கு 144 முறை காட்சி மாற்றும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்குங்கள். வாலரன்டில் அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

பணத்தில் ஐந்தில் இரண்டு பங்கு, அதாவது 28,000 வரை, கிராபிக்ஸ் கார்டுக்கு ஒதுக்குங்கள். ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்டிஎக்ஸ் 5060, ஆர்எக்ஸ் 7600 ஆகிய மூன்றில் நீங்கள் போகும் வாரத்தில் எது இந்தத் தொகைக்குள் கிடைக்கிறதோ அது. மூன்றும் 8 ஜிபி கார்டுகள். ஃபுல் ஹெச்டியில் சைபர்பங்க்கை நடுத்தர அமைப்புகளுக்கு மேலேயே வைத்து ஆடலாம். விலை சமமாக இருந்தால் நான் 5060-ஐ எடுப்பேன். 4060-இன் மின் தேவை 115 வாட் மட்டுமே என்பதால் தில்லி வெயிலுக்கு அதுவும் பிடித்தமான கார்டு. ஆர்டிஎக்ஸ் 3050-ஐக் குறைந்த விலைக்குக் காட்டினால் 6 ஜிபியா 8 ஜிபியா என்று கேளுங்கள். மெமரி மட்டும்தான் வேறு என்று நினைத்துவிட வேண்டாம். 8 ஜிபியில் 2,560 கோர்கள், 6 ஜிபியில் 2,304. ஒரே பெயரில் விற்கும் இரண்டு வெவ்வேறு கார்டுகள் அவை.

பழைய கார்டு வாங்கலாமா என்று நண்பர்கள் யோசனை சொல்வார்கள். எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் 2022 செப்டம்பர் 15-இல் கார்டுகள் தேவைப்படாத முறைக்கு மாறியபோது, அதுவரை அந்த நாணயத்தை ஈட்டும் மைனிங்கில் இரவு பகலாக ஓடிய கார்டுகள் கூட்டங்கூட்டமாகச் சந்தைக்கு வந்தன. அவற்றைக் கழுவித் துடைத்து இன்னும் விற்கிறார்கள். ஆர்எக்ஸ் 580 என்ற பெயரிலும் கவனம் தேவை. அசல் 580-இல் 2,304 கோர்கள். 2048எஸ்பி என்று வருவதில் அதன் பெயரே சொல்வது போல 2,048தான். கார்டைப் போட்டுப் பார்க்கத் தெரிந்த ஒருவர் கூட வராமல் முதல் கம்ப்யூட்டருக்குப் பழைய கார்டு வேண்டாம்.

அடுத்து பிராசஸரும் மதர்போர்டும். இரண்டுக்கும் சேர்த்து 18,000 முதல் 19,000 வரை. என் தேர்வு ஏஎம்டியின் ரைசன் 5 5600 பிராசஸரும் பி550 போர்டும். பக்கத்திலேயே ரைசன் 5 5500 ஒன்றிரண்டாயிரம் குறைவாக இருக்கும். அதிலும் ஆறு கோர்கள், பன்னிரண்டு திரெட்கள். ஆசையாகத்தான் இருக்கும், எடுக்காதீர்கள். பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகமான எல்3 கேஷ் 5600-இல் 32 எம்பி, 5500-இல் பாதி. அதைவிட முக்கியமானது இன்னொன்று. கார்டும் போர்டும் பேசிக்கொள்ளும் வழிக்குப் பிசிஐ எக்ஸ்பிரஸ் என்று பெயர். 5600-ம் பி550-ம் சேர்ந்தால் அதன் 4.0 கிடைக்கும். 5500-இல் 3.0 மட்டுமே. நான் சொன்ன மூன்று கார்டுகளும் 16 பாதைக்குப் பதில் 8 பாதையில்தான் போர்டோடு பேசுகின்றன. 4.0-இல் அது போதும். 3.0-இல் அந்த வழியின் வேகம் பாதியாகிவிடும். கார்டின் 8 ஜிபி நிரம்பி வழியும்போது, சைபர்பங்க்கில் காட்சி திக்கித் திக்கி ஓடுவதாக அது உங்கள் கண்ணில் படும். ஏ520, பி450 போர்டுகளும் இதே காரணத்தால் உங்களுக்கு ஆகாது. கடையில் "எல்லாம் ஒண்ணுதான் பையா" என்பார்கள். ஒன்று இல்லை.

5600-க்குள் டிஸ்பிளே வசதி கிடையாது. கார்டைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தால் திரையில் எதுவும் வராது. இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள்.

ஏஎம்டியின் புதிய ஏஎம்5 சாக்கெட் வரிசைக்கு ஏன் போகக்கூடாது என்று கேட்பீர்கள். 2022 செப்டம்பரில் வந்த வரிசை அது. பின்னால் மாற்றிக்கொள்ள நல்ல பிராசஸர்கள் அதில் இருக்கின்றன. ஆனால் அதற்கு டிடிஆர்5 ராம் மட்டுமே பொருந்தும். 2025 இறுதியிலிருந்து ராம் விலை தாறுமாறாக ஏறிக் கிடக்கிறது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதுதான் காரணம். 5600-க்குப் பொருந்தும் டிடிஆர்4-ம் ஏறியிருக்கிறது. இந்த நிலையில் ஏஎம்5-க்குப் போனால் கூடுதல் செலவை உங்கள் கார்டின் வயிற்றில் அடித்துத்தான் ஈடுகட்ட வேண்டியிருக்கும். அது வேண்டாம். 5600 இன்னும் சில ஆண்டுகள் தாராளமாக ஓடும். பின்னால் அதே போர்டில் எட்டு கோர் ரைசன் 7 5700எக்ஸைப் போட்டுக்கொள்ளலாம்.

ராமுக்கும் எஸ்எஸ்டிக்கும் சேர்த்து 14,000 அல்லது 15,000. ராம் 16 ஜிபி. 8 ஜிபி குச்சிகள் இரண்டாக, ஒரே செட்டாக வாங்குங்கள். 16 ஜிபி குச்சி ஒன்று இப்போது, இன்னொன்று பிறகு என்றால் அந்த இரண்டாவது வரும் வரை பாதி வழி அடைத்தே கிடக்கும். ரைசனில் அந்தக் குறை விளையாட்டில் உடனே தெரியும். எஸ்எஸ்டி, போர்டின் எம்.2 ஸ்லாட்டில் நேராகச் செருகும் என்விஎம்இ-ஆக இருக்கட்டும், 500 ஜிபியில் தொடங்கலாம். மூன்று பெரிய விளையாட்டுகளில் அது நிரம்பிவிடும், உண்மைதான். போர்டு எடுக்கும்போது எம்.2 ஸ்லாட் இரண்டு இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். விலை இறங்கியதும் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம்.

இனி எஸ்எம்பிஎஸ், அதாவது சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை மாற்றி உள்ளே எல்லாவற்றுக்கும் தரும் பெட்டி. இதில் மட்டும் நான் சொல்வதை அப்படியே கேளுங்கள். எங்களிடம் ரிப்பேருக்கு வரும் கேமிங் மெஷின்களில் மனத்தை வருத்துபவை மட்டமான எஸ்எம்பிஎஸ் போட்டவைதான். அது தனியாகச் சாவதில்லை, போகும்போது போர்டையோ கார்டையோ கூட இழுத்துக்கொண்டு போகிறது. இருபதாயிரம் ரூபாய் கார்டை ஆயிரம் ரூபாய் எஸ்எம்பிஎஸ் தின்றுவிட்டதைப் பிள்ளைகளிடம் சொல்வது எனக்குப் பிடிக்காத வேலை.

கடையில் எஸ்எம்பிஎஸ்ஸைக் கையில் வாங்கிப் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். பெரிய எழுத்தில் 450 வாட் என்று போட்டிருப்பதை விடுங்கள். கீழே சிறு கட்டங்கள் இருக்கும். அதில் +12வி என்ற கட்டத்தின் அடியில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பிராசஸரும் கார்டும் ஏறக்குறைய முழு மின்சாரத்தையும் இந்த 12 வோல்டிலிருந்துதான் எடுக்கின்றன. 16 ஆம்பியர் என்றிருந்தால் 12-ஐ 16-ஆல் பெருக்குங்கள்: 192 வாட். பெட்டியில் 450 என்று போட்டிருந்தாலும் உங்களுக்கு உதவுவது அந்த 192தான். நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்டில் 43, 45 ஆம்பியர் இருக்கும், அதாவது 500 வாட்டுக்கு மேல். உங்கள் மெஷின் முழு வேகத்தில் ஓடினாலும் 300 வாட்டைச் சுற்றித்தான் கேட்கும். அப்படியானால் 550 எதற்கு? கார்டு நொடிக்கும் குறைவான நேரத்துக்குத் திடீரென்று கூடுதலாக இழுக்கும், அதற்கு இடம் வேண்டும். கார்டு தயாரிப்பவர்கள் சொல்வதும் 550தான். மின்சாரத்தை வீணாக்காததற்கான 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரை, ஐந்து ஆண்டு வாரண்டி, 4,500 முதல் 5,000 ரூபாய். வேறு எதில் வேண்டுமானாலும் குறையுங்கள், இதில் கை வைக்காதீர்கள்.

கேபினெட்டுக்கு மிச்சமிருப்பது 3,500 அளவில். தில்லியில் இருப்பதால் இதை அலட்சியம் செய்ய முடியாது. ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அறையிலிருக்கும் காற்றைத்தான் உள்ளே தள்ளும். டிசம்பரில் 20 டிகிரி அறையில் 65 டிகிரியில் ஓடும் பிராசஸர், மே மாதம் 40 டிகிரி அறையில் 85-ஐத் தொடும். 5600-இன் எல்லை 90. அதைத் தொட்டதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எனவே முன்பக்கம் கண்ணாடி மூடிய கேபினெட் வேண்டாம். வலை முகப்பு, அதற்குப் பின்னால் தூசி ஃபில்டர், முன்னால் இரண்டு ஃபேன், பின்னால் ஒன்று. மே, ஜூனில் புழுதிக்காற்று அடிக்கும் நாட்களில் அந்த ஃபில்டரை அடிக்கடி கழற்றித் தட்டுங்கள்.

இன்னொன்று, இதைப் பலரும் கவனிப்பதில்லை. உங்கள் வீட்டிலும் ஜன்னலோரம் தண்ணீர் ஊற்றும் கூலர் இருக்கும் என்று நினைக்கிறேன். அந்தக் காற்று குளிர்ச்சியாக இருக்கிறதே என்று கம்ப்யூட்டரை அதற்கு நேரே வைத்துவிடாதீர்கள். அது ஈரக் காற்று. உள்ளே ஏற்கெனவே படிந்திருக்கும் தூசி அந்த ஈரத்தில் களிம்பாகிப் போர்டில் ஒட்டிக்கொள்ளும். பிறகு அரிப்பு ஆரம்பிக்கும். கூலர் ஒரு சுவரில் என்றால் கம்ப்யூட்டர் வேறு சுவரில், தரையிலிருந்து ஓரடி உயரத்திலாவது இருக்கட்டும்.

கரண்ட் விஷயம். இன்வெர்ட்டரின் பின்பக்கம் அல்லது பக்கவாட்டில் ஒரு சுவிட்ச் இருக்கும். யுபிஎஸ் என்று ஒரு பக்கம், நார்மல் அல்லது ஈகோ என்று இன்னொரு பக்கம். பல வீடுகளில் அது நார்மலில்தான் இருக்கும். கரண்ட் போனதும் பேட்டரிக்கு மாற அது எடுத்துக்கொள்ளும் நேரம் மின்விசிறிக்குப் பெரிதல்ல. எஸ்எம்பிஎஸ் சுமார் 16 மில்லிசெகண்டுதான் மூச்சைப் பிடித்து வைத்திருக்கும், அதற்குள் கரண்ட் வராவிட்டால் கம்ப்யூட்டர் அணைந்து திரும்ப எழும். யுபிஎஸ் பக்கம் தள்ளினால் அந்த இடைவெளி குறையும். இன்வெர்ட்டர் சைன் வேவா ஸ்கொயர் வேவா என்பதையும் பாருங்கள். ஸ்கொயர் வேவ் என்றால் அதில் கேமிங் மெஷினை ஓட்டாதீர்கள். கரண்ட் போனதும் சேவ் செய்து அணைப்பதற்கு மட்டும் ஒரு தனி யுபிஎஸ் போதும். 600 விஏ யுபிஎஸ் என்பது பெரும்பாலும் 360 வாட்டுக்குத்தான். உங்களுக்கு 1000 விஏ எடுப்பது நல்லது, முதல் மாதமே வேண்டுமென்பதில்லை.

அதற்கு முன் எர்த். முனிர்காவில் மாடிமேல் மாடி எழுப்பிய வாடகை வீடுகளில் மூன்றாவது பின் சும்மா பெயருக்கு இருப்பதைப் பார்த்திருக்கிறேன். கேபினெட்டின் இரும்பைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது என்றால் அதுதான் அடையாளம். ஒரு எலக்ட்ரீஷியனை அழைத்து மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். லைனுக்கும் எர்த்துக்கும் இடையே 230 வோல்ட் அருகில் காட்ட வேண்டும். அது வராத பிளக்கில் எதையும் செருகாதீர்கள்.

பூட்டினால் எரிந்துபோகுமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாமல் செய்தால் எரியாது. பெரும்பாலான இணைப்புகளை ஒரு பக்கமாகத்தான் நுழையும்படி செய்திருக்கிறார்கள். நுழையவில்லை என்றால் அழுத்தாதீர்கள், தப்பான இடம் என்று அர்த்தம். பிராசஸருக்குப் போகும் 8 பின் வயரும் கார்டுக்குப் போகும் 8 பின் வயரும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். வயரிலேயே சிபியு, பிசிஐஇ என்று எழுதியிருக்கும், படித்துவிட்டுச் செருகுங்கள்.

பயப்பட வேண்டிய இடம் ஒன்றுதான்: பிராசஸர். 5600-இன் அடியில் முடி போன்ற பின்கள் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. ஓரங்களை மட்டும் பிடியுங்கள். ஒரு மூலையில் சிறு தங்க முக்கோணம் இருக்கும், சாக்கெட்டிலும் அதே அடையாளம் இருக்கும். நெம்புகோலைத் தூக்கி, முக்கோணங்களைப் பொருத்தி வைத்தால் பிராசஸர் தன் எடையிலேயே உள்ளே இறங்கும். விரலால் அழுத்தவே கூடாது. பிராசஸர் பெட்டியோடு வரும் ஃபேன் வைத்த கூலரின் அடியில் வெப்பம் கடத்தும் பேஸ்ட் ஏற்கெனவே தடவியிருக்கும், மேலும் தடவ வேண்டாம். எப்போதாவது கூலரைக் கழற்ற நேர்ந்தால் நேராக மேலே பிடுங்காதீர்கள். பேஸ்ட் இறுகி, பிராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிய்ந்து கூடவே வந்துவிடும், பின்கள் வளைந்துவிடும். சிறிது நேரம் மெஷினை ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கூலரை மெதுவாக இடமும் வலமுமாகத் திருகி எடுங்கள். ராம் குச்சிகள் பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில். கேபினெட்டில் பூட்டுவதற்கு முன் போர்டை அதன் அட்டைப்பெட்டி மேல் வைத்து பிராசஸர், அதன் கூலர், ராம், கார்டு நான்கையும் மாட்டி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். திரையில் ஏதும் வராவிட்டால் பதறாமல் ராமைக் கழற்றித் திரும்ப அழுத்துங்கள், கிளிக் என்று சத்தம் கேட்க வேண்டும். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். மானிட்டர் கேபிள் கார்டில்தான் செருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். போர்டில் இருக்கும் ஹெச்டிஎம்ஐ துளை 5600-க்கு வேலை செய்யாது.

ஓடத் தொடங்கியதும் போர்டின் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய், ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை ஆன் செய்யுங்கள். இல்லாவிட்டால் 3200 என்று காசு கொடுத்து வாங்கிய ராம் குறைந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். அங்கேயே எஃப்டிபிஎம்-ம் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் டிபிஎம்) செக்யூர் பூட்டும் ஆனாகி இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு விண்டோஸ் போடுங்கள். வாலரன்டுக்கு அது தேவை.

கடைசியாகக் கடைவீதி. ஞாயிறு தவிர்த்து வேறு நாளில், காலையிலேயே மெட்ரோ வயலட் லைனில் நேரு பிளேஸ் போய் இறங்குங்கள். முதல் சுற்றில் எதையும் வாங்காமல் நாலைந்து கடையில் விலை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். ஆன்லைன் விலையும் போனில் இருக்கட்டும். பேரம் முடியும் நேரத்தில் "பக்கா பில்லா, கச்சா பில்லா" என்பார்கள். பக்கா என்றால் ஜிஎஸ்டியோடு போடும் முறையான பில், கச்சா என்றால் வரியில்லாத வெறும் சீட்டு. கச்சா பில்லில் 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சமாகும் என்று ஆசை காட்டுவார்கள். கார்டு இரண்டு ஆண்டு கழித்துப் போனால் சர்வீஸ் சென்டர் கேட்பது அந்த பக்கா பில்லைத்தான். பிராசஸர் சீல் உடையாத பெட்டியில் இருக்க வேண்டும். டிரே பீஸ் என்று பெட்டி இல்லாமல் தருவதில் கூலரும் வராது, கம்பெனி வாரண்டியும் பெரும்பாலும் இருக்காது. பில்லில் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் எழுதியிருக்கின்றனவா, அந்த சீரியலும் பொருளின் மேல் ஒட்டியிருப்பதும் ஒன்றா என்று கடையிலேயே நின்று சரிபாருங்கள். பில்லை உடனே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், அந்த வழவழப் பேப்பரில் அச்சு ஒரே கோடையில் மங்கிவிடும். கார்டு, எஸ்எம்பிஎஸ், போர்டு மூன்றின் அட்டைப்பெட்டிகளையும் வாரண்டி முடியும் வரை பரணில் போட்டு வையுங்கள்.